அளவு பிளவுஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 57. மும்பை செம்பூரில் இருக்கிறேன். கோட்டைப் பகுதியில் வங்கி வேலை, ஹார்பர் லைன் ரயிலில் போய்வருகிறேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். பீரோ நிறையப் புடவை இருந்தும் காலையில் உடுத்த ஒன்றும் அகப்படுவதில்லை. பிளவுஸ் எல்லாம் கையில் பிடிக்கிறது, தோளில் நழுவுகிறது, ரயிலில் கைப்பிடியைப் பிடித்தால் மேலே ஏறிக்கொள்கிறது. எத்தனை முறை லூசாகத் தைக்கச் சொன்னாலும் இதே கதைதான். திடீர் திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறது. பெண், "பேசாமல் குர்த்தாவுக்கு மாறிவிடு அம்மா" என்கிறாள். அக்காவோ, "இந்த வயதில் வெளிர் நிறம்தான் மரியாதை" என்கிறாள். தை மாதம் கும்பகோணத்தில் மகன் கல்யாணம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— செம்பூர் வாசகி

பதில்:

பிளவுஸிலிருந்து. நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசிக் குறை புடவையைப் பற்றியதே இல்லை. ஐந்தரை மீட்டர் புடவை உடம்பு எப்படி மாறினாலும் அதற்கேற்ப விட்டுக்கொடுக்கும். பிளவுஸ் விட்டுக்கொடுக்காது. அதனால் புதுப் புடவை எதையும் இப்போது வாங்காதீர்கள்.

தையற்கடைக்கு நீங்கள் கொண்டுபோகும் அளவு பிளவுஸ் எந்த வருஷம் தைத்தது? பெரும்பாலும் அது பத்துப் பன்னிரண்டு வருஷம் பழையதாக இருக்கும், அல்லது அதைப் பார்த்து வெட்டியதைப் பார்த்து வெட்டியதாக இருக்கும். நாற்பத்தைந்து வயது உடம்பின் அளவுதான் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் "கொஞ்சம் லூசாக வையுங்கள்" என்கிறீர்கள். அவர் பக்கவாட்டில் அரை இன்ச் விடுகிறார். உடம்பு மாறியது பக்கவாட்டில் மட்டுமல்ல என்பதால் தொல்லை தீருவதில்லை.

மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் என்ன நடக்கிறது என்பதைத் தையல் கணக்காகப் பாருங்கள். மேல்கையிலும் இடுப்பைச் சுற்றியும் சதை கூடுகிறது. மார்பின் முனை கீழே இறங்குகிறது. தோளிலிருந்து ஒன்பதரை இன்ச்சில் இருந்தது பத்தரை, பதினொன்றுக்கு வந்துவிடும். மேல்முதுகு லேசாக வளைகிறது. தோள்கள் முன்பக்கம் வருகின்றன. கணினி முன் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். தோள் எலும்புகளுக்கு இடையே உள்ள அகலம் மட்டும் கூடுவதில்லை. ஆக, சில இடங்களில் துணி கூட வேண்டும், சில இடங்களில் அப்படியே இருக்க வேண்டும், சில இடங்களில் இடம் மாற வேண்டும். எல்லா இடத்திலும் லூசாக்கினால் தோளில் நழுவும், கையில் பிடிக்கும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

இதில் கடைக்காரரின் கணக்குக்கும் பங்கு உண்டு. பல கடைகளில் மார்புச் சுற்றை நாலால் வகுத்து முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே அகலம் வைப்பார்கள். ஆர்ம்ஹோல், அதாவது உடம்போடு கை இணையும் வளையம், அதன் ஆழத்தையும் அதே மார்புச் சுற்றிலிருந்துதான் கணக்கிடுவார்கள். மார்பு சற்றுப் பெரிதானவர்களுக்கு இந்தக் கணக்கில் முதுகு தேவையில்லாமல் அகலமாகும், ஆர்ம்ஹோல் கீழே இறங்கும், முன்பக்கம் மட்டும் போதாமல் ஹூக்குக்கு நடுவே வாய் பிளக்கும். தப்பிக்க வழி: மார்புச் சுற்றோடு மேல்மார்புச் சுற்றையும் எடுக்கச் சொல்வது. அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலாக டேப்பைச் சுற்றி எடுக்கும் அளவு அது. உதாரணத்துக்கு, மேல்மார்பு 37, முழு மார்பு 41 என்று வைத்துக்கொள்வோம். மூச்சுவிட ஒன்றரை இன்ச் சேர்த்தால் மொத்தம் நாற்பத்திரண்டரை. இதைச் சரிபாதியாக வெட்டினால் முன்னும் பின்னும் இருபத்தொன்றேகால். மேல்மார்பை வைத்து வெட்டினால் முதுகுக்குப் பத்தொன்பதரை, முன்பக்கத்துக்கு இருபத்துமூன்று. தோளும் ஆர்ம்ஹோலும் 37 கணக்கில்தான் வர வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே தோள் நழுவுவது பாதி குறையும்.

கடைக்குப் போவதற்கு முன் உள்ளாடையைச் சரிபாருங்கள். தளர்ந்துபோன பழைய பிராவின் மேல் எடுக்கும் அளவில் எவ்வளவு நல்ல மாஸ்டரும் தைக்க முடியாது. மார்புக்குக் கீழே இறுக்கமாக ஒரு சுற்று, முழு மார்பில் தளர்வாக ஒரு சுற்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வோர் இன்ச்சும் ஒரு கப் அளவு: ஒன்று என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி, நாலு என்றால் டி. போட்டுப் பார்க்கும்போது பின்பட்டை முதுகில் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மேலே ஏறினால் பட்டை பெரிது. எடையைத் தாங்க வேண்டியது பட்டைதான், தோள்வார் அல்ல. தோளில் பள்ளம் விழுகிறதென்றால் வாரை இறுக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். புது பிராவை மிகத் தளர்வான கடைசி ஹூக்கில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். துணி தளரத் தளர உள் ஹூக்குக்குப் போகலாம்.

அந்த பிராவைப் போட்டுக்கொண்டு போய் உடம்பில் அளவு கொடுங்கள். அளவு பிளவுஸைக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடுங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் கைக்கும் மட்டும் டேப்பை வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது பலருடைய வழக்கம். மேல்மார்பையும் மார்புக்குக் கீழ்ச் சுற்றையும் தவிர, கீழே சொல்வதையும் நீங்களே கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

கழுத்தை ஒட்டிய தோள் முனையிலிருந்து மார்பு முனை வரை உள்ள நீளம், இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம். டார்ட், அதாவது மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் கூர்மடிப்பு, எங்கே முடிய வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்யும். டார்ட்டின் கூர் மார்பு முனைக்கு முக்கால் இன்ச் முன்னாலேயே நிற்க வேண்டும். முனையைத் தொட்டால் கூம்பாகத் துருத்தும். பழைய பிளவுஸில் டார்ட் மேலே இருக்கும், மார்பு கீழே இருக்கும். மேலே துணி காலியாகச் சுருங்கும், கீழ்ப்பட்டை மார்பின் மேலேயே ஏறி அழுத்தும். உங்கள் பழைய பிளவுஸ் ஒன்றைப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள், தெரியும்.

முன்நீளம், பின்நீளம் இரண்டும் தனித்தனியாக. முன்நீளம் தோள் முனையிலிருந்து மார்பின் மேலாக வர வேண்டும். பின்நீளம் கழுத்தின் பின் எலும்பிலிருந்து. முதுகு லேசாக வளைந்தவர்களுக்குப் பின்பக்கம் அரை இன்ச் கூட வேண்டியிருக்கும். அது இல்லாவிட்டால் பிளவுஸ் பின்பக்கமாக இழுக்கும், கீழ்விளிம்பு முதுகில் ஏறும், முன்கழுத்து தொண்டையை நோக்கி வரும். அந்த அரை இன்ச்சைக் கீழ்விளிம்பில் சேர்த்தால் பயனில்லை. தோள்பட்டை எலும்பு இருக்கும் உயரத்தில் சேர்க்க வேண்டும். அதோடு தோள் தையலை அரை இன்ச் முன்னால் தள்ளச் சொல்லுங்கள்: முன்பாகத்தில் அரை இன்ச் வெட்டி, பின்பாகத்தில் அரை இன்ச் சேர்ப்பது. முன்னால் வந்த தோளுக்கு இதுதான் வைத்தியம். பெரும்பாலான கடைகளில் கேட்டால் செய்வார்கள், தாமாகச் செய்ய மாட்டார்கள்.

கைச்சுற்று. கையைத் தொங்கவிட்டு எடுக்கும் அளவு போதாது. முழங்கையை மடித்துக் கையை இடுப்பில் வைத்து, மேல்கையின் பருமனான இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றரை இன்ச். கை விளிம்பு முடியும் இடத்தில் தனியாகச் சுற்றி எடுத்து முக்கால் இன்ச்.

இப்போது ரயில் கைப்பிடிக்கு வருவோம். ஆர்ம்ஹோலை இறக்கினால் கைக்குச் சௌகரியம் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர் எதிர். ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க, கை தூக்கும்போது கை துணி பிளவுஸ் உடம்பையே மேலே இழுத்துக்கொண்டு போகும். அக்குளுக்குக் கீழே அரை இன்ச்சில் ஆர்ம்ஹோல் நிற்க வேண்டும். சௌகரியம் கையின் வெட்டில் இருக்கிறது: கையின் மேல்வளைவைத் தட்டையாக, அகலமாக வெட்டினால் கை தாராளமாகத் தூக்கலாம்; வளைவை உயரமாக, குறுகலாக வெட்டினால் கை தொங்கும்போது அழகாக இருக்கும், தூக்கினால் பிடிக்கும். வேலைக்குப் போகும் பிளவுஸுக்குத் தட்டை வளைவு. கை இறங்கியிருக்கும்போது அக்குளருகே ஓரிரு மடிப்பு விழும். அது குறை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அந்த மடிப்புத்தான் கை தூக்கும்போது விரிகிறது.

உங்கள் கடைக்காரர் இந்தியில் பேசுபவர் என்றால் ஆர்ம்ஹோல் அவருக்கு முண்டா, தோள் அகலம் தீரா, உள்துணி அஸ்தர். "முண்டா ஊப்பர், ஆஸ்தீன் சௌடி" என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்.

எந்த வெட்டு? நாலு டார்ட் பிளவுஸ் மெலிந்த உடம்புக்குச் சரி. உங்களுக்குக் கட்டோரி நல்லது. மார்புப் பகுதி தனித் துண்டாக வருவதால் இறங்கிய முனைக்கு ஏற்ப வளைவை இடம் மாற்றலாம், பளுவையும் தாங்கும். டார்ட்டுக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை நீளத் தையல் ஓடும் பிரின்சஸ் கட் பார்வைக்கு நீளமாக, மெலிவாகக் காட்டும், பின்னால் பிரித்துத் தளர்த்தவும் எளிது. ஆனால் மார்புக்குக் கீழே தனிப் பட்டை இல்லாததால் பளு அதிகம் என்றால் தாங்குவது குறைவு. அலுவலகத்துக்குக் கட்டோரி, விசேஷத்துக்குப் பிரின்சஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கை நீளம் விஷயத்தில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. மேல்கையின் பருமனான இடத்தில் கை விளிம்பு முடியக் கூடாது. கண் விளிம்பில்தான் நிற்கும். அந்த ஐந்தரை, ஆறு இன்ச் கைதான் எல்லாரும் வழக்கமாகத் தைப்பது. ஒன்பது, பத்து இன்ச்சுக்கு இறக்கி முழங்கைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். முழங்கை மடிப்பிலேயே நிறுத்தினால் மடக்கும்போதெல்லாம் குத்தும். அதையும் தாண்டி முக்கால் கை வைக்கலாம், ஆனால் மும்பை ஜூலையில் ஈரம் ஊறும். முன்கழுத்து ஆறு முதல் ஆறரை இன்ச், தோளில் பட்டை இரண்டே முக்கால் இன்ச்சுக்குக் குறையாமல். பின்கழுத்தை எட்டு இன்ச்சுக்கு மேல் இறக்கினால் கயிறு கட்டாமல் தோள் நிற்காது, கயிறு கட்ட இன்னொருவர் வேண்டும். ஹூக் முன்பக்கமே இருக்கட்டும். இந்த வயதில் தோள் இறுகிப்போவது சாதாரணம், பின் ஹூக்கும் பக்க ஜிப்பும் ஒரு நாள் கைவிடும். ஹூக்கு ஒன்றேகால் இன்ச் இடைவெளியில், சற்றுப் பெரியதாக. விரல் மூட்டு வலித்தால் மேலிரண்டு ஹூக்கு, நடுவில் அழுத்து பட்டன்.

பக்கத் தையலில் உள்ளே ஒரு இன்ச் துணி விடச் சொல்லுங்கள். தையலை அரை இன்ச் வெளியே தள்ளினால் முன்னும் பின்னுமாக ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச், இரு பக்கமும் சேர்த்து இரண்டு இன்ச் கிடைக்கும். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று கால் இன்ச்சில் ஓவர்லாக் அடித்துவிடுபவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

புடவையோடு வரும் எண்பது சென்டிமீட்டர் பிட் உங்கள் அளவுக்கும் பத்து இன்ச் கைக்கும் போதாது. கட்டோரிக்குத் துணி இன்னும் கூடத் தின்னும். போதாத துணியில் கையைக் குறுக்குவார்கள், உள்மடிப்பைக் கொறிப்பார்கள். வேறு துணி எடுங்கள். மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ தாதர் ஹிந்த்மாதாவிலோ டூ பை டூ ரூபியா என்கிற மெல்லிய பருத்தி பிளவுஸ் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். 44 இன்ச் அகலம் என்றால் ஒரு மீட்டர், 36 என்றால் ஒன்றேகால். துணியையும் பருத்தி உள்துணியையும் தனித்தனியாக ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கொடுங்கள். உள்துணி மட்டும் பின்னால் சுருங்கினால் மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

எண்பது புடவைக்கு எண்பது பிளவுஸ் வேண்டியதில்லை. அரக்கு, கரும்பச்சை, கடுகு மஞ்சள், மயில்கழுத்து நீலம், சந்தனம், கறுப்பு இந்த ஆறும் பொருந்தினால் உங்கள் பீரோவில் பெரும்பகுதி மறுபடி உயிர்பெறும். ஆறையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் முதலில். அதைப் போட்டுக் கையை ரயில் கைப்பிடி உயரத்துக்குத் தூக்குங்கள், குனிந்து ஒரு பையை எடுங்கள், உட்கார்ந்து ஆழமாக மூச்சிழுங்கள். கீழ்ப்பட்டை மார்பின் மேல் ஏறக் கூடாது, ஹூக்குக்கு நடுவே இடைவெளி தெரியக் கூடாது. ஒரு முழு நாள் அலுவலகத்துக்குப் போட்டுப் போய்வந்து, குறையை எழுதிக் கொடுத்து, திருத்தி, அது சரியான பிறகு மிச்சம் ஐந்து. அதன்பின் இதுவே உங்கள் புது அளவு பிளவுஸ். இரண்டு வருஷத்துக்கு மேல் அதையும் நம்பாதீர்கள்.

பழைய பிளவுஸ்களை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அரை இன்ச்சுக்கு மேல் உள்மடிப்பு இருந்து, தோள் சரியாக உட்கார்ந்து, சுற்றளவு மட்டும் பிடிப்பவை பிரிக்கத் தகுந்தவை. கை மட்டும் பிடித்தால் அக்குளில் மூன்று இன்ச் சதுரத் துண்டைச் சாய்சதுரமாக வைத்துத் தைக்கலாம். கை கீழே இருக்கும்போது அது வெளியே தெரியாது. பட்டு, டிஷ்யூ, பிரொகேட் பிளவுஸைப் பிரித்தால் பழைய தையல் துளை வரிசையாகத் தெரியும், உள்மடிப்பின் நிறமும் வெளுக்காமல் தனியாக நிற்கும். அவற்றைப் பிரிக்குமுன் ஓரத்தில் ஒரு இன்ச் நீளம் மட்டும் பிரித்துப் பார்த்து முடிவெடுங்கள். ஆர்ம்ஹோல் இறங்கிப்போனவை, டார்ட் மேலே இருப்பவை தேறாது. எவ்வளவு விலை கொடுத்துத் தைத்திருந்தாலும் தேறாது.

அவசரத்துக்குப் பனியன் துணியில் வரும் ரெடிமேட் பிளவுஸ் மோசமில்லை. பருத்தி 95, எலாஸ்டேன் 5 என்று அட்டையில் இருந்தால் வாங்கலாம். பாலியெஸ்டர் கலந்தது உங்களுக்கு ஆகாது. பின் குத்தினால் இழை ஓடும், கனமான முந்தானை தோளைக் கீழே இழுக்கும். பருத்திப் புடவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்வை. திடீர்ச் சூடு எழும்போது அவஸ்தை தருவது பெரும்பாலும் புடவை அல்ல, தோலை ஒட்டிய துணி. கடைகளில் கேட்காமலே போடும் உள்துணி பல நேரம் பாலியெஸ்டர் கலந்தது. மேலே எவ்வளவு நல்ல பருத்தி இருந்தாலும் உள்ளே அது வேர்வையை உறிஞ்சாது. ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். ரூபியா பிளவுஸுக்கு உள்துணியே தேவையில்லை. வெளிர் நிறத்துக்கு மட்டும் போடலாம்.

இந்தக் கணக்கு புரிந்தால் மழைக்காலப் புடவைக் குழப்பமும் தீரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கஞ்சி போட்ட பருத்தி மும்பையில் ரயில் ஏறுவதற்குள் தொய்ந்துவிடும், நனைந்தால் அலுவலகம் முடியும்வரை காயாது. ஜார்ஜெட், கிரேப் சீக்கிரம் காயும், ஆனால் வேர்க்கும் என்று பயப்படுகிறீர்கள். பிளவுஸும் உள்பாவாடையும் பருத்தியாக இருந்தால் மேலே ஜார்ஜெட் கட்டுவதில் பெரிய கஷ்டம் இல்லை. வெயில் மாதங்களுக்கு மல் காட்டன். ஏசி குளிர் தாங்காத நாளுக்குப் பட்டுப்பருத்தி.

உள்பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டினால் அங்கே தோல் கறுத்து, தடித்து, சிலருக்குப் புண்ணாகிறது. ஆறாத புண் அரிதாகப் புற்றாக மாறியதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாடாவுக்குப் பதில் ஒன்றரை, இரண்டு இன்ச் அகலத்தில் பட்டையும் பக்கத்தில் இரண்டு ஹூக்கும் வைத்துத் தைக்கச் சொல்லலாம். துணி பாப்ளினாக இருக்கட்டும். சாட்டின் வேண்டாம், கொசுவம் வழுக்கும். கீழ்ச்சுற்று நூறு இன்ச்சுக்குக் குறையாமல் இருந்தால்தான் ரயில் படியில் கால் தாராளமாக வைக்க முடியும். மீன்வால் மாதிரி உடம்பை ஒட்டி வரும் ஷேப்வேர் பாவாடை கல்யாண மண்டபத்துக்குச் சரி, குர்லா பிளாட்பாரத்துக்கு ஆகாது.

கட்டும்போது: இடுப்பு பெருத்தால் சுற்றுக்கே அதிகத் துணி போய்விடும். பழைய வழக்கப்படி எட்டுக் கொசுவம் எடுக்க நினைத்தால் முந்தானை குறையும், வயிற்றின் மேல் துணி குவியும். ஐந்தரை இன்ச் அகலத்தில் ஐந்து கொசுவம் போதும். தொப்புளுக்கு நேராகச் சொருகாமல் ஒரு கைவிரல் அகலம் இடப்பக்கம் தள்ளிச் சொருகுங்கள். நீங்கள் போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். மழை மாதத்தில் கரை தரையிலிருந்து இரண்டு இன்ச் மேலே. செருப்பு ஒன்றேகால் இன்ச் உயரத்துக்குள், பின்வார் வைத்ததாக, அடியில் ரப்பர் பிடிமானம் உள்ளதாக. முந்தானைப் பின்னைத் தோளின் உச்சியில் குத்தாமல் அரை இன்ச் பின்னால் குத்தினால் முன்கழுத்து இழுபடாது.

உங்கள் பெண் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கனத்த மழை நாளில் புடவையோடு ரயிலில் மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் குர்த்தாவுக்கு மாறினால் தோள் பிரச்சினை கூடவே வரும். வயிற்றுக்குப் பொருந்தும் என்று எக்ஸ்எல் எடுத்தால் தோளும் அகலமாகித் தொங்கும். தோளுக்குச் சரியான அளவை எடுங்கள், பக்கத்தில் பிரித்துத் தளர்த்த முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பக்கப் பிளவு இடுப்பெலும்பில் ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் மேலே ஆரம்பித்தால் உட்கார்ந்தால் விரியும். நீளம் முட்டிக்குக் கீழே, லெக்கிங்ஸுக்குப் பதில் நேரான பருத்தி பேண்ட். மூன்று செட் போதும்.

அக்கா சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். தலைமுடி நரைத்து, முகத்தின் நிறமும் சற்று வெளுத்த பிறகு வெளிர் சந்தனமும் வெளிர் பிஸ்தாவும் முகத்தை இன்னும் சோர்வாகத்தான் காட்டும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு வெளிர் புடவையையும் ஒரு அரக்கையும் மாறி மாறித் தோளில் போட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள், புடவையைப் பார்க்காதீர்கள். டியூப்லைட்டில் இந்தச் சோதனை பயன்படாது. சந்தனத்தை நான் பிளவுஸ் நிறங்களில் சேர்த்திருக்கிறேன். அடர்ந்த நிறப் புடவையோடு கட்டினால் அது எடுப்பாக இருக்கும், அதனால்தான்.

கல்யாணத்துக்கு வருவோம். ஆரி வேலை செய்த பிளவுஸ் எண்ணம் இருந்தால் அளவு இப்போதே சரியாக வேண்டும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலை முடித்த பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். வேலை முடிந்த பின் டார்ட்டை நகர்த்த முடியாது. அதனால் முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி பிளவுஸ் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த அளவில் ஆரிக்குக் கோடு போடச் சொல்லுங்கள். பக்கத் தையலிலிருந்து ஒன்றரை இன்ச் வரை வேலை வரக் கூடாது. வந்தால் கடைசி நேரத்தில் பிரித்துத் தளர்த்த முடியாது, அக்குளில் மணி உரசிப் புண்ணாக்கும். கைவிளிம்பின் உள்பக்கம் பருத்திப் பட்டை வைத்து மூடட்டும். ஐப்பசிக்குள் துணியைக் கொடுத்து, கார்த்திகை முடிவதற்குள் கையில் வாங்கிவிடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் மறுபடி போட்டுப் பாருங்கள். ஓட்டமும் சாட்டமுமாக இருக்கும் மாதங்களில் ஓரிரு கிலோ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும்.

அடர்ந்த சரிகைக் காஞ்சிப் பட்டு ஒரு கிலோ வரை எடை வரும். அத்தனையும் இடத் தோளிலும் இடுப்பிலும்தான் நிற்கும். முகூர்த்தத்துக்கு அதைக் கட்டிவிட்டு, மாலை வரவேற்புக்கு மெல்லிய கரை போட்ட மென்பட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கனமான முந்தானைக்கு ஒற்றைப் பின் போதாது. இரண்டு பின், ஒன்றரை இன்ச் இடைவெளியில், பிளவுஸின் உள்துணியையும் சேர்த்துப் பிடித்து. பின்னுக்கும் பட்டுக்கும் நடுவே விரல்நகம் அளவு ஃபெல்ட் துண்டு வைத்தால் பட்டு கிழியாது. மடிசார் கட்டும் வழக்கம் உள்ள குடும்பம் என்றால் பிளவுஸ் நீளத்தை ஒரு இன்ச் கூட்டி வையுங்கள். அதில் முதுகும் பக்கமும் வழக்கமான கட்டைவிட அதிகம் வெளியே தெரியும்.

அந்தப் பட்டுகளை மழைக்காலம் முடியும்வரை பீரோவிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். மும்பை மழைக்காற்றில் திறந்து வைத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். நவம்பரில் காற்று உலர்ந்ததும் எடுத்து, வெயில் படாத அறையில் அரை நாள் விரித்துப் போடுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் பால்கனியில் வைத்துத் தட்டுங்கள். கறை நிற்கிறது என்றால் டிரை கிளீனிங்குக்குப் போகட்டும். அதன் மேல் இஸ்திரி போட்டால் கறை பதிந்துவிடும். பழைய மடிப்பிலேயே மறுபடி மடிக்காமல் புது இடத்தில் மடித்து, சரிகை உள்பக்கம் வரும்படி வைத்து, துவைத்த மல் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையும் சரிகையைத் தொடும் நாப்தலீன் உருண்டையும் வேண்டாம், இரண்டும் சரிகையைக் கறுக்க வைக்கும். மடிப்பில் இழை விட்டிருக்கிறதா என்று முகூர்த்தப் புடவையை மட்டும் முழுக்க விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விட்டிருந்தால் இழை கோத்துச் சரிசெய்யும் ரஃபூ போட மூன்று வாரமாவது கொடுக்க வேண்டும்.